காண்டாமிருகத்தை அழித்தது வேட்டை மட்டுமா?

ஜொகூரின் காட்டு விலங்குகள் என்றதும் புலியும் யானையும் நினைவுக்கு வரும், காண்டாமிருகம் வராது. ஆனால் உலகின் ஐந்து காண்டாமிருக இனங்களில் மிகச் சிறியதும், உடலெங்கும் ரோமமும் இரட்டைக் கொம்பும் உடையதுமான சுமத்ரா காண்டாமிருகம் 1980களிலும் எண்டாவ்-ரொம்பின் காட்டில் இருந்தது. அப்போதைய மதிப்பீடு 20 முதல் 25 வரை. 2015இல் மலேசியக் காடுகளிலிருந்தே அது அற்றுப்போனதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சபாவில் பராமரிக்கப்பட்ட கடைசிப் பெண் விலங்கான இமான் 2019 நவம்பரில் இறந்தது. கொம்புக்காக வேட்டையாடி அழித்துவிட்டார்கள் என்பதே வழக்கமான விளக்கம். அது பாதி உண்மைதான்.

சீன மருந்துச் சந்தையில் கொம்புக்குப் பல நூற்றாண்டுகளாக விலை உண்டு. அத்தனை காலம் தாக்குப்பிடித்த இனம் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஏன் முடிந்தது? துப்பாக்கி பெருகியது ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் வேட்டையில் இழந்ததை ஈடுசெய்யும் வழியையும் அடைத்தது நில மாற்றமே. 1840களிலிருந்து ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றோர நிலங்களைக் காம்பியர்ச் செடியும் மிளகும் பயிரிடச் சீனக் குடியேறிகளுக்கு ஒதுக்கினார். காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். மண்ணும் விரைவில் சத்திழக்கும். அதனால் தோட்டங்கள் அடுத்தடுத்த காட்டை நோக்கி நகர்ந்தன. இப்படி நிலம் ஒதுக்கிய காங்சூ முறை 1917இல் ஒழிந்தபோது ரப்பர் வேரூன்றியிருந்தது. தமிழர்கள் பால் வெட்டிய தோட்டங்கள் பரவின. பிறகு செம்பனை வந்தது. தாழ்நிலக் காடு துண்டாகி, எஞ்சிய விலங்குகளும் ஒன்றையொன்று எட்டாமல் பிரிந்தன.

எண்டாவ்-ரொம்பின் இன்றும் பெருங்காடுதானே என்று கேட்கலாம். 1977இல் அங்கு மரம் வெட்டுவதை மக்கள் எதிர்த்தார்கள். ஜொகூர்ப் பகுதி 1993இல் தேசியப் பூங்காவும் ஆனது. ஆனால் தனித்துத் திரியும் இவ்விலங்கு இருபதாகக் குறைந்துவிட்டால், காடு இருந்தும் துணை கிடைக்காது. நெடுநாள் இணைசேராத பெண் விலங்கின் கருப்பையில் கட்டிகள் வளரும். ஈன்றாலும் மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒரே கன்றுதான். பிடித்துவந்து பெருக்கலாம் என்று 1984இல் தொடங்கிய திட்டத்தில், மலேசியாவில் காப்பிடத்தில் கருவுற்று ஒரு கன்றுகூடப் பிறக்கவில்லை. சுங்கை டூசுன் காப்பிடத்தில் எஞ்சிய ஐந்தும் 2003இல் சில வாரங்களுக்குள் மாண்டன. அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் 2001இல் கன்று பிறந்ததால், இனப்பெருக்கம் இயலாத காரியமல்ல என்பதும் தெளிவாகிறது. பற்றாதது விலங்குகளின் எண்ணிக்கையும் காலமும்தான்.

இதே ஆபத்து இப்போது புலியையும் நெருங்குகிறது: தீபகற்ப மலேசியாவில் காட்டுப் புலிகள் 150க்கும் குறைவாகிவிட்டன. வேட்டைக்காரரைப் பிடிப்பதோடு நின்றுவிடாமல், எண்ணிக்கை மிச்சமிருக்கும்போதே துண்டுபட்ட காடுகளை இணைப்பதுதான் காண்டாமிருகத்தின் வரலாறு கேட்கும் செயல்.