சொல்லைச் சுருக்கிய குரல்: ஃபால்அவுட் விளையாட்டுத் தொடரில் உரையாடலின் வரலாறு, 1988–2020

1997 அக்டோபரில் வெளிவந்த ஃபால்அவுட் என்ற கணினி விளையாட்டின் முடிவில் வரும் தலைமை எதிரியை ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் வீழ்த்தலாம். மாஸ்டர் என்பது அவன் பெயர். அணுப்போரில் அழிந்த கலிஃபோர்னியாவில், மிஞ்சியிருக்கும் மனிதர்களைச் செயற்கை வைரஸ் நிரம்பிய தொட்டியில் முக்கியெடுத்து ஒரே பேருருவ இனமாக மாற்றிவிட்டால் மறுபடி போரே மூளாது என்று அவன் உளமார நம்புகிறான். அந்தப் புதிய இனத்துக்குப் பிள்ளை பிறக்க வழியில்லை என்பதைக் காட்டும் பிணக்கூறாய்வுக் குறிப்பு ஒன்று வேறோர் இடத்தில் கிடைக்கிறது. அதைத் தேடி எடுத்து வந்து அவன் முன் வைத்து வாதாடினால், தன் கனவு கருவிலேயே மலடாகிவிட்டதை உணர்ந்து, அவன் தன்னையும் தன் கோட்டையையும் அழித்துக்கொள்கிறான்.

அதே தொடரில் 2018 நவம்பரில் வந்த ஃபால்அவுட் 76 விளையாட்டில், வெளிவந்தபோது, வாதாடுவதற்கு ஆளே இருக்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவின் மலைகளில் ரோபோக்களும், இறந்தவர்கள் விட்டுச்சென்ற ஒலிநாடாக்களும், கணினித் திரைக் குறிப்புகளும் உண்டு. இணையம் வழியாகக் கூட ஆடும் மற்ற ஆட்டக்காரர்கள் உண்டு. கதைக்குள் உயிரோடிருந்து பதில் சொல்லும் மனிதர் ஒருவர்கூட அன்று இல்லை.

இந்த 21 ஆண்டுகளில் நடந்தது என்ன? வழக்கமான விளக்கம் எளிது. தொடக்ககால விளையாட்டுகள் சதுரங்கம்போல முறைவைத்து ஆடப்பட்டவை, யோசிக்க நேரமிருந்தது. 2008-க்குப் பிறகு பார்வை நாயகனின் கண்ணுக்கு இடம் மாறியது, சண்டை நிகழ்நேரமானது, கையில் துப்பாக்கி ஏறியதும் வாயில் பேச்சு வற்றிவிட்டது. பழைய ரசிகர்களின் இந்த மனக்குறை பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் பொறுப்பு துப்பாக்கியிடம் இல்லை, ஒலிப்பதிவுக் கூடத்திடம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடரின் மூதாதை 1988-இல் வந்த வேஸ்ட்லேண்ட். பிரையன் ஃபார்கோவின் இன்டர்ப்ளே நிறுவனம் உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. அணுப்போருக்குப் பிந்தைய அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தில், ரேஞ்சர் குழு ஒன்றை நடத்திச் செல்லும் விளையாட்டு அது. அன்றைய ஃபிளாப்பி வட்டுகளில் கதையின் உரைநடைக்கு இடம் போதவில்லை. எனவே பத்திகளுக்கு எண்ணிட்டுத் தனிப் புத்தகமாக அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்தார்கள். குறிப்பிட்ட இடத்தை அடைந்ததும், இன்ன எண்ணுள்ள பத்தியைப் படி என்று திரை சொல்லும். முன்கூட்டியே புரட்டிப் பார்க்கும் கள்ளர்களை ஏமாற்றப் பொய்ப் பத்திகளையும் நடுவே செருகியிருந்தார்கள். செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய ஒரு கதையே அப்படிப்பட்ட பொறிதான். குறும்பு ஒருபுறம் இருக்க, சொல் எங்கே சேமிக்கப்படுகிறதோ அந்த இடத்தின் விலைதான் எவ்வளவு சொல் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதைத் தொடரின் பிறப்பிலேயே பார்க்கிறோம். அன்று அது வட்டின் விலை.

வேஸ்ட்லேண்ட் என்ற பெயரின் உரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்ததால் இன்டர்ப்ளே வேறோர் உலகத்தைக் கட்ட வேண்டியதாயிற்று. டிம் கெய்ன் என்ற நிரலாளர் தொடக்கத்தில் ஏறக்குறையத் தனியாளாகவே அந்த வேலையைச் செய்தார். அவர் அடித்தளமாகக் கொண்டது ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்தின் கர்ப்ஸ் விதிமுறை. அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, தாளில் எழுதி ஆடும் பாத்திரமேற்பு ஆட்டத்துக்கானது. மேசையாட்டத்தில் நடத்துநர் என்று ஒருவர் இருப்பார். ஆடுகிறவர் எதைச் சொன்னாலும், எவ்வளவு முட்டாள்தனமாகச் சொன்னாலும், அதற்கொரு விளைவைச் சொல்வது அவர் பொறுப்பு. ஃபால்அவுட்டில் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை இந்த மேசையிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

1997-இன் தொடக்கத்தில் கர்ப்ஸ் ஒப்பந்தம் முறிந்தது. விளையாட்டில் இருந்த வன்முறையை ஸ்டீவ் ஜாக்சன் தரப்பு ஏற்கவில்லை; குறிப்பாக, கட்டுண்டு கிடக்கும் ஒருவனைச் சுட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்துக் கையசைக்கும் படைவீரன் வரும் தொடக்கக் காட்சி உறுத்தலாயிற்று. கெய்னும் கிறிஸ் டெய்லரும் சில வாரங்களுக்குள் மாற்று விதிமுறை ஒன்றை வகுத்தனர். வலிமை, கூர்புலன், தாங்குதிறன், கவர்ச்சி, அறிவு, விரைவு, நல்வாய்ப்பு என்னும் ஏழு பண்புகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் வரும் ஸ்பெஷல் என்பதே அதற்குப் பெயர். அந்த ஏழின் மேல் 18 திறன்கள் அமைந்தன. துப்பாக்கி சுடுவது ஒரு திறன். பேசுவதும் ஒரு திறன். இரண்டுக்கும் ஒரே அளவுகோல், ஒரே செலவு.

இந்தச் சமத்துவம் வெறும் கணக்கோடு நிற்கவில்லை. அறிவுப் பண்பை மிகக் குறைவாக வைத்து ஒரு நாயகனை உருவாக்கினால், அவனால் முழு வாக்கியம் பேச முடியாது. முனகுவான், உளறுவான். ஊரார் அவனைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள் அல்லது விரட்டுவார்கள்; அவனை நம்பிப் பல வேலைகளைக் கொடுக்கமாட்டார்கள். ஒரே எண்ணை மாற்றினால் உரையாடலின் பெரும்பகுதியே மாறிவிடும். இதை எழுதி முடிக்க எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் தேவைப்பட்டது எழுத்துழைப்பு மட்டுமே. நாயகனுக்குக் குரல் கிடையாது. அவன் சொல்வதெல்லாம் திரையில் எழுத்தாகவே வரும். எதிரே நிற்பவர்களிலும் முக்கியமான சிலருக்கு மட்டுமே களிமண்ணில் தலை வடித்து, கணினிக்குள் ஏற்றி, நடிகரின் குரலைச் சேர்த்தார்கள். மற்றவர்கள் எழுத்திலேயே பேசினார்கள். எழுத்து மலிவு. மலிவாக இருந்ததால்தான் ஒரே கேள்விக்கு அறிவாளிக்கு ஒரு பதிலும் மந்தனுக்கு ஒரு பதிலும் எழுத முடிந்தது.

1998-இல் வந்த இரண்டாம் ஃபால்அவுட் இன்னும் பெரியது, இன்னும் வாயாடி. அது முடியும் முன்பே கெய்ன், கலை இயக்குநர் லியோனார்ட் பாயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் மூவரும் வெளியேறி ட்ராய்கா என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்: பேச்சின் பொற்காலம் என்று ரசிகர்கள் கொண்டாடும் இந்த விளையாட்டின் இறுதி எதிரியான ஃபிராங்க் ஹாரிகனை எந்தப் பேச்சாலும் விலக்க முடியாது. வேறு வீரர்களைப் பேசி நம் பக்கம் இழுக்கலாம். அவனோடு சண்டை போட்டே ஆகவேண்டும். ஆகவே சரிவை 2008-இல் தொடங்குவது வசதியான வரலாறு, துல்லியமான வரலாறு ஆகாது.

அடுத்த சில ஆண்டுகளைச் சுருக்கமாகக் கடக்கலாம். 2001-இல் படைத்தந்திரத்தை மையமாக்கிய ஒரு கிளை விளையாட்டு வந்தது. 2004-இல் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் கருவிகளுக்காக அடிதடி மட்டுமே உள்ள இன்னொன்று வந்தது. இன்டர்ப்ளே கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. 2003 டிசம்பரில் அதன் உட்பிரிவான பிளாக் ஐல் மூடப்பட்டபோது, வான் பியூரன் என்ற குறிப்பெயரில் உருவாகிவந்த மூன்றாம் ஃபால்அவுட்டும் அதோடு போயிற்று. பெதஸ்டா நிறுவனம் 2004-இல் உரிமத்தையும், 2007-இல் 57.5 லட்சம் டாலருக்குத் தொடரையே முழுதாகவும் வாங்கியது.

டாட் ஹோவர்டின் இயக்கத்தில் 2008 அக்டோபரில் வந்த ஃபால்அவுட் 3 கதையை வாஷிங்டன் நகரத்தின் இடிபாடுகளுக்குக் கொண்டுபோனது. சண்டை நிகழ்நேரத்துக்கு மாறியது. ஆனாலும் பழைய மேசையின் நினைவு முற்றிலும் அழியவில்லை. வி.ஏ.டி.எஸ். என்ற வசதியில் ஒரு பொத்தானை அழுத்தினால் உலகம் உறைந்து நிற்கும். எதிரியின் தலையா, கையா, காலா என்று குறிவைக்கலாம். ஒவ்வொன்றிலும் குண்டு படும் வாய்ப்பு விழுக்காட்டில் தெரியும். 1997-இன் முறைவைப்பு இங்கே ஓர் இடைவேளையாகச் சுருங்கியிருக்கிறது.

பேச்சுக்கும் அதே விழுக்காடு வந்தது. ஒரு வாக்கியத்தின் முன்னால், இது பலிக்கும் வாய்ப்பு 43 என்பது போல எழுதியிருக்கும். பலிக்காவிட்டால், முன்பு சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஏற்றி, பலிக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கலாம். மாஸ்டரை வீழ்த்தச் சான்றைத் தேடி அலைய வேண்டியிருந்தது. இங்கே பேச்சு ஒரு பரிசுச்சீட்டு. நியாயமாகச் சொன்னால், பெதஸ்டா மாஸ்டரை மறந்துவிடவில்லை. ஜனாதிபதி ஈடன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கணினியைப் பேசியே தன்னை அழித்துக்கொள்ள வைக்கலாம். காட்சி அதே காட்சிதான். அதன் பின்னால் இருந்த தேடல்தான் இல்லை.

இதே விளையாட்டு நாடுகளின் எல்லைகளைத் தாண்டியபோது நடந்தவற்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எல்லாமே பெயர்கள் பட்ட பாடு. 2008 ஜூலையில் ஆஸ்திரேலியத் தணிக்கை அமைப்பு முதலில் அனுமதி மறுத்தது. மார்ஃபின் என்று உண்மையான போதைமருந்தின் பெயரைச் சொன்னது அதற்கு முக்கியக் காரணம். உலகம் முழுவதற்குமான பதிப்பில் அது மெட்-எக்ஸ் என்ற கற்பனைப் பெயராக மாறியது. ஜப்பானியப் பதிப்பில், நாகசாகியில் விழுந்த குண்டின் பெயரான ஃபேட் மேன் என்பதைத் தாங்கிய ஆயுதம் பெயர் மாற்றப்பட்டது. ஊர் நடுவே கிடக்கும் அணுகுண்டை வெடிக்கவைக்கும் வாய்ப்பும் நீக்கப்பட்டது. இந்தியாவில் மைக்ரோசாஃப்ட், பண்பாட்டு உணர்வுகளைக் காரணம் காட்டி எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பின் வெளியீட்டையே கைவிட்டது. எந்த உணர்வு என்று நிறுவனம் விளக்கவில்லை. 1997 முதலே தொடரில் பிராமின் என்ற பெயரில் திரியும் இரட்டைத்தலை மாடுகள்தான் காரணமாக இருக்கும் என்று பலரும் ஊகித்தனர். இந்தியாவிலிருந்து போன திமில் மாடுகளின் வழியில் அமெரிக்கர்கள் வளர்த்தெடுத்த இனத்துக்கு அங்கே பிராமன் என்று பெயர் உண்டு. நம் தொழுவத்து மாடு அட்லாண்டிக்கைக் கடந்து, பெயர் பெற்று, தலை இரண்டாகித் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது.

வாதத்துக்குத் திரும்புவோம். துப்பாக்கிதான் பேச்சைக் கொன்றது என்றால் 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் சாத்தியமே ஆகியிருக்கக் கூடாது. அதே இயங்குபொறி, அதே கண்மட்டப் பார்வை, அதே நிகழ்நேரச் சண்டை, ஃபால்அவுட் 3-இல் இருந்ததுபோலவே 13 திறன்கள். உருவாக்கக் கிடைத்த காலமோ ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. செய்தது, பிளாக் ஐலிலிருந்து வந்தவர்கள் 2003-இல் தொடங்கிய ஆப்சிடியன். இயக்கியவர் ஜோஷ் சாயர். விழுக்காட்டுக் குலுக்கலை அவர்கள் தூக்கி எறிந்தார்கள். இந்த வாக்கியத்துக்கு 50 வேண்டும் என்றால் 50 வேண்டும், 49 போதாது. போதாத திறனோடு சொல்லிப் பார்த்தால் நாயகன் சொல்லும் வாக்கியமே அசடு வழியும்படி எழுதப்பட்டிருக்கும். பேச்சுத் திறன் மட்டும் பேசவில்லை: வெடிமருந்து தெரிந்தவன் வெடிமருந்தைப் பற்றியும், மருத்துவம் தெரிந்தவன் மருத்துவத்தைப் பற்றியும் பேசிக் காரியம் சாதிக்கலாம். ஹூவர் அணைக்கட்டில் நடக்கும் இறுதிப் போரில் லேனியஸ் என்ற படைத்தலைவனை, அணையைப் பிடித்தாலும் அவ்வளவு தொலைவில் அதைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது என்று எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். மாஸ்டருக்குப் பிறகு எனக்குப் பிடித்த வாதம் அதுதான். சோற்றுக்கும் சாலைக்கும் கணக்குப் போடும் வாதம்.

ஆக, ஒரே துப்பாக்கியை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகப் பேச முடிந்திருக்கிறது. நியூ வேகஸின் நாயகனுக்கும் குரல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2015 நவம்பரில் வந்த ஃபால்அவுட் 4 அந்த மௌனத்தைக் கலைத்தது. நாயகனாகப் பிரையன் டெலேனி, நாயகியாகக் கோர்ட்னி டெய்லர்; ஒவ்வொருவரும் ஏறத்தாழ 13,000 வரிகளைப் பதிவு செய்தனர். விளையாட்டில் மொத்தம் 1,11,000 வரிகள் என்று பெதஸ்டா பெருமையோடு அறிவித்தது. தொடரில் அதுவரை இல்லாத சொற்பெருக்கு. அப்படியிருந்தும் ஆடுகிறவரின் கையில் கிடைத்தவை எப்போதும் நான்கே தெரிவுகள், கருவியின் நான்கு பொத்தான்களுக்கு ஒன்றாக. பொத்தானின் மேல் எழுதியிருப்பதும் முழு வாக்கியம் கிடையாது, ஓரிரு சொல்தான். அழுத்திய பிறகே நாயகன் என்ன சொல்லப்போகிறான் என்று தெரியும். முழு வாக்கியத்தையும் காட்டும் மாற்று நிரலை ரசிகர்களே எழுதிப் பரப்பினார்கள்.

பேச்சு என்ற திறன் ஒழிந்தது. மற்ற திறன்களும் ஒழிந்து, கவர்ச்சி என்ற ஒரு பண்பே எல்லா இணங்கவைத்தலையும் சுமந்தது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. நாயகனின் ஒவ்வொரு வாக்கியத்தையும் இருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று பேச வேண்டும். மந்தபுத்தியுள்ளவனுக்கு ஒரு பேச்சு, மருத்துவனுக்கு ஒரு பேச்சு என்று கிளைபிரித்தால் செலவும் கிளைபிரியும். 1997-இல் ஓர் எழுத்தாளர் இரவோடிரவாக எழுதிச் சேர்த்திருக்கக்கூடிய ஓர் உளறல், 2015-இல் இரு நடிகர்களின் நாட்குறிப்பில் இடம் தேட வேண்டும். வேஸ்ட்லேண்ட் காலத்தில் வட்டின் விலை செய்த வேலையை இப்போது குரலின் விலை செய்தது. புத்தகம் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்கும் மாற்றுவழி மட்டும் இல்லை. உரையாடல் முறை எதிர்பார்த்தபடி அமையவில்லை என்று ஹோவர்டே பின்னர் ஒப்புக்கொண்டார்.

சண்டையும் இதற்குள் நகர்ந்துவிட்டது. உறைந்து நின்ற உலகம் ஃபால்அவுட் 4-இல் மெதுவாக ஊர்ந்தது. பலர் சேர்ந்து ஆடும் ஃபால்அவுட் 76-இல் ஒருவருக்காக உலகத்தை நிறுத்த வழியே இல்லை. இந்தக் கோடும் பேச்சின் கோடும் பக்கத்தில் பக்கத்தில் இறங்குவதால்தான் ஒன்று மற்றதற்குக் காரணம் என்ற மயக்கம் உண்டாகிறது. அதைத் தெளியவைக்கும் சான்று, விந்தையாக, ஃபால்அவுட் 76-இலேயே கிடைத்தது.

அதற்குச் சற்று முன்பு, தொடருக்கு வெளியே, கெய்னும் பாயார்ஸ்கியும் ஆப்சிடியனில் மறுபடி சேர்ந்து இயக்கிய தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2019 அக்டோபரில் வந்தது. கண்மட்டப் பார்வை, நிகழ்நேரத் துப்பாக்கிச் சண்டை, குரலற்ற நாயகன். அறிவைக் குறைத்து வைத்தால் மட்டும் முளைக்கும் அசட்டுப் பதில்களும் அதில் உண்டு. ஆறு மாதம் கழித்து, 2020 ஏப்ரலில், வேஸ்ட்லேண்டர்ஸ் என்ற இலவசப் புதுப்பிப்பு ஃபால்அவுட் 76-க்கு மனிதர்களைக் கொண்டுவந்தது. இப்போது, ஆட்டம் தொடங்கும் புகலிடமான நிலவறை எழுபத்தாறின் கதவைத் திறந்து வெளியே வந்தால், வாசலில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். இந்தப் பக்கம் புதையல் இருப்பதாகக் கேள்விப்பட்டோம், உண்மையா என்று விசாரிக்கிறார்கள். துப்பாக்கி கையிலேயே இருக்கிறது, நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் முழு வாக்கியங்களாகப் பதில்கள் வரிசையாக விரிகின்றன. எதைத் தேர்ந்தாலும் நாயகன் வாய் திறப்பதில்லை.