லயத்து வீடு யாருடைய வீடு?

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழைப் பக்கம். மற்றது இடுக்கி மாவட்டத்தில், குமுளியிலிருந்து மூணாறு போகும் சாலையில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே. நான் சொல்ல வருவது இந்த இரண்டாவது ஆனைக்கரையில் தொடங்குகிறது. வீட்டுவசதிக் கொள்கை பற்றிய ஒரு பொருளாதார ஆய்வில் உதவியாளனாக, கையில் வினாப்படிவத்தோடு அந்தப் பகுதி லயங்களில் ஏறி இறங்கியவன் நான்.

படிவத்தில் ஒரு கேள்வி: வீடு சொந்தமா, வாடகையா? பணிமூப்பை நெருங்கிய ஓர் அம்மாவிடம் கேட்டேன். "சொந்தமும் இல்ல, வாடகையும் இல்ல தம்பி. வேலை இருக்க வரைக்கும் வீடு. அம்புட்டுத்தான், எழுதிக்கங்க" என்றார். அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. 'மற்றவை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனேன். அந்த 'மற்றவை' என்ற சொல்லுக்குள் நம்மவர்களின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது.

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் இந்த வேலை தென்னாட்டுக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை அவரவர் அறிந்த கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கடன், கூலி, வீடு எல்லாம் விசாரித்து எழுதச் செய்தார். அவை 1918இல் நூலாக வந்தன. அதே கிராமங்களைப் பிறகு வந்த ஆய்வாளர்களும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். கிராமத்துக்கு அப்படி ஒரு தொடர்ச்சியான பதிவு கிடைத்தது. மலைக்குப் போனவர்களோ ஊர்க் கணக்கிலும் இல்லை, மலைக் கணக்கில் 'தொழிலாளி' என்ற ஒரே பெயர்தான்.

அவர்கள் மலைக்கு வந்த கதை வாசகர்களில் பலருக்குத் தாத்தா பாட்டி வாயால் கேட்டதாக இருக்கும். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையை உரிமையாகப் பெற்றார். அதன்பின் காடு திருத்தப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. வேலைக்கு ஆள் வேண்டும். கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மலையேற்றினார்கள். ஆளை மலையில் நிறுத்த இடம் வேண்டுமே, அதற்காகப் பிறந்ததுதான் லயம். ஒரே கூரை, ஒரே வரிசை, குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு அடுப்படியும். ஆக, லயம் முதலிலிருந்தே குடியிருப்பவரின் தேவைக்காக எழுந்ததல்ல. காலையில் பிரட்டுக்கு ஆள் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக எழுந்தது.

நாடு விடுதலை அடைந்தபின் மூன்று சட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நல்ல நோக்கத்தோடு வந்ததுதான்.

முதலாவது, 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். தோட்டத்தில் தங்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்றது. பெரிய முன்னேற்றம். ஆனால் வீட்டை வேலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டதும் இதே சட்டம்தான்.

இரண்டாவது, கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம், 1963. 1970 முதல் இதன் பலன் முழுமையாகக் கிடைத்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரருக்குக் கிராமப் பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை சொந்தமாக வாங்கும் உரிமை வந்தது. தோட்டங்களுக்கோ நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. 'தோட்டம்' என்பதற்குச் சட்டம் தந்த விளக்கத்தில் தொழிலாளர் குடியிருப்பு நிற்கும் நிலமும் அடங்கும். எனவே கீழ்நாட்டுக் கூலிக்காரர் 10 சென்டுக்கு உடையவரானபோது, மேலே லயத்துக்காரர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

மூன்றாவது, 1971இல் வந்த கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டம். உச்ச நீதிமன்றமும் 1972இல் இதை ஏற்றது. தோட்டத்துக்குத் தேவையான நிலம் போக மீதி அரசிடம் வந்தது. அதிலும் லயத்து வாசல் அவர்கள் பெயருக்கு மாறவில்லை.

விளைவு என்ன? பணிமூப்பு அடைந்தால் மகனோ மகளோ தோட்டத்தில் பேர் பதிய வேண்டும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளியவருக்கு ஊர் என்று சொல்லிக்கொள்ளக் கீழே பாட்டன் ஊரின் பெயர் மட்டும் இருக்கும், நிலம் இருக்காது. பிள்ளையைப் படிக்க வைத்து வெளியே அனுப்பினால் வீடு போகும். வீடு வேண்டுமென்றால் பிள்ளை கூடையைத் தூக்க வேண்டும். இது எப்படிப்பட்ட பேரம் என்று பாருங்கள்.

தேயிலை விலை வீழ்ந்து, 2000ஐ ஒட்டிப் பீருமேட்டில் சில தோட்டங்கள் மூடப்பட்டன. சட்டப்படி வீட்டைப் பராமரிக்க வேண்டிய முதலாளியே அங்கு இல்லை. ஓடு விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழர்கள். லயம் இடிந்து இறந்தால் இழப்பீடு என்று தோட்டச் சட்டத்தில் 1981இல் திருத்தம் வந்திருந்தது. இயற்கைச் சீற்றத்தால் இடிந்தால் அது பொருந்தாது என்பதும் அதிலேயே இருந்தது. யாரையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. தன் வீடு எந்தச் சரிவில், எந்த ஓடையோரம் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அதில் குடியிருந்தவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்பதே என் செய்தி. பின்னர் உயிர் பிழைத்த 8 குடும்பங்களுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் சொந்த வீடு கிடைத்தது. இத்தனை பேர் போன பிறகு.

நிர்வாகத் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஓய்வு பெற்றவர் காலி செய்யாவிட்டால் புதிய ஆளை எங்கே தங்க வைப்பது? இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வருகிறவர்கள் அதே லயங்களில்தான் தங்குகிறார்கள். அதனால்தான் லயத்தையே பட்டா போட்டுக் கொடுத்தால் தீர்ந்துவிடாது என்கிறேன். தோட்டத்துக்கு வெளியே, பாதுகாப்பான இடத்தில், தொழிலாளி வேலையில் இருக்கும்போதே அவர் பெயரில் மனை வேண்டும். இலங்கை மலையகத்தில், நம்மைப் போலவே லயத்தில் வாழ்ந்த தமிழருக்கு, 7 பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் கணக்கில் நாலரை சென்டுக்குச் சற்றுக் குறைவு. அது எல்லோருக்கும் எட்டிவிடவில்லை. ஆனாலும் வழி அங்கே தெரிகிறது.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் லயத்தில் பிறந்து வெளியேறியவர்கள் இருப்பீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த வருஷம் காலி செய்தீர்கள், அப்போது எங்கே போனீர்கள்? பழைய சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு இருந்தால் தூக்கி எறியாதீர்கள். நான் நிரப்பிய படிவத்தில் 'மற்றவை' என்று போன வீடுகளுக்கு இனி அவைதான் சாட்சி.