தாமிரபரணி: கழிமுகத்தில் கிடைத்த பெயர்

சங்கரன்கோவில் வழியாகத் தாமிரபரணி ஓடவில்லை. மழை மறைவில் கிடக்கும் இந்த மண் குளத்தையும் மானாவாரியையும் நம்பியது. பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூரைத் தொட்டுப் போகும் நிட்சேப நதியோ வைப்பாற்றைச் சேர்ந்தது. ஆனாலும் தெருக்குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். அதை இங்கே யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "ஆத்துத் தண்ணி வந்துட்டா?" என்றால் போதும். வீட்டுக்குள் புழங்கும் பொருளுக்குப் பொதுப்பெயரே போதும்; முழுப்பெயர் வெளியாருக்குத்தான் வேண்டும். இந்த ஆற்றுப் பெயரின் வரலாறும் ஏறக்குறைய அதுதான்.

ஆற்றின் வீட்டுப்பெயர் பொருநை. பொருநல், தண்பொருந்தம் என்ற வடிவங்களும் உண்டு. கரையிலேயே பிறந்த நம்மாழ்வார் திருவாய்மொழியில் பொருநல் என்றே சொல்கிறார். தம் குருகூர்த் துறையைச் சங்குகள் அழகு செய்யும் துறையாகக் காட்டுகிறார். 'பொரு' என்றால் மோதுவது, எதிர்ப்பது. மலையிலிருந்து இறங்கிப் பாறையையும் கரையையும் மோதிவரும் நீருக்கு இது பொருந்தும். 'பொருந்து' என்பதிலிருந்து, பல ஓடைகள் கூடிச் சேரும் ஆறு என்று கொள்வாரும் உண்டு. பேயாறு, காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா, பச்சையாறு, சிற்றாறு என்று வந்து சேரும் வரிசையைப் பார்த்தால் அதையும் தள்ளிவிட முடியாது.

ஆனால் சங்கப் பாடலில் பொருநை என்று வந்தாலே அது நெல்லை ஆறு என்று முடிவு கட்டக் கூடாது. புறநானூற்றில் வஞ்சி நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் பொருநை சேரநாட்டு ஆறு. கருவூரைத் தொட்டு ஓடும் அமராவதியின் பழைய பெயர் ஆன்பொருநை. ஆக, பொருநை ஒரே ஓர் ஆற்றுக்கு மட்டும் உரிய பட்டயம் அல்ல. மோதி வரும் ஆற்றைத் தமிழர் அழைத்த பெயர் அது; இரண்டு இடங்களில் நிலைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாமிரபரணி என்ற பெயரோ தமிழ் எல்லைக்கு வெளியேதான் முதலில் நம் கண்ணில் படுகிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகரின் இரண்டாம், பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர் பெயர்களை அடுத்துத் 'தம்பபன்னி'யைச் சொல்கின்றன. அது ஆறன்று, இலங்கை என்பதே பெரும்பாலோர் கொள்கை. அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை அடுக்கும்போது தாமிரபர்ணியில் கிடைக்கும் முத்தைத் தனியாகச் சொல்கிறது. காளிதாசரின் ரகுவம்சத்தில், தாமிரபர்ணி கடலில் கலக்கும் இடத்து முத்துகளைப் பாண்டியர் ரகுவுக்குத் திறையாகக் கொடுக்கிறார்கள். அர்த்தசாஸ்திரமும் ரகுவம்சமும் ஆற்றை நினைக்கும்போது பொதிகை அருவியை நினைக்கவில்லை. முத்து விற்கும் கழிமுகத்தை நினைக்கின்றன.

சொல்லைப் பிரித்தால் தாம்ரம் என்பது செம்பு, சிவப்பு. பர்ணம் என்பது இலை. செவ்விலை மரம் என்ற பொருள் இப்படி வருகிறது. 'தாமிரவருணி' என்று எழுதுவோர் வருணத்தைக் கொண்டு செந்நிறத்தாள் என்கிறார்கள். தண்ணீரில் செம்பு கலந்திருப்பதால் இந்தப் பெயர் என்று பள்ளிக்கூடக் கட்டுரைகளில் வருவது, பெயரைப் பார்த்துப் பின்னால் கட்டிய கதை. இதே வேலையை இலங்கை வரலாற்று நூலான மகாவம்சமும் செய்கிறது. இளவரசன் விசயனோடு இலங்கையில் கரையிறங்கியவர்கள் களைத்துத் தரையில் கையூன்ற, உள்ளங்கை செம்மண்ணால் சிவந்ததாம். அதனால் அந்த இடம் தம்பபன்னி. அங்கே பன்னிக்குக் கை, இங்கே பரணிக்கு இலை. எதிரெதிர்க் கரைகளில் ஒரே பெயர் இருந்தது. பொருளை அவரவர் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். தீவிலிருந்து ஆற்றுக்கு வந்ததா, ஆற்றிலிருந்து தீவுக்குப் போனதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மன்னார் வளைகுடாவின் இரு பக்கமும் ஒரே முத்துக்குளிப்பில் இருந்தவர்களுக்கு அது வழக்காகவே தோன்றியிருக்காது.

இந்தப் பெயர்தான் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அலெக்சாண்டரின் மாலுமி ஒனெசிகிரிதோஸும், கி.மு. 300-ஐ ஒட்டிப் பாடலிபுத்திரத்துக்குத் தூதுவந்த மெகஸ்தனிசும் இலங்கையைத் 'தப்ரொபனே' என்றார்கள். எழுத்தை உற்றுப் பாருங்கள். தாம்ரவின் மகரம் உதிர்ந்தது, ரகரம் நின்றது, பர்ணி 'பனே' ஆயிற்று. பாலியின் தம்பபன்னியில் ரகரமே இல்லை. அதனால் கிரேக்கர் காதில் விழுந்தது பாலி வடிவம் அன்று, ரகரம் தங்கிய வேறொரு வடிவம் என்று எண்ண இடமிருக்கிறது.

இலத்தீனில் பிளினி அதையே எழுதினார். போர்த்துகீசியக் கவி கமோயன்ஷ் 1572-இல் வெளியான தம் காவியத்தின் முதல் பாட்டிலேயே, மாலுமிகள் தாண்டிச் சென்ற எல்லையாகத் 'தப்ரொபானா'வை வைத்தார். ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸின் தோன் கிஹோத்தேயில் (1605) ரகரம் முன்னே தாவி 'த்ரப்பொபானா' ஆனது. அங்கே அது கற்பனைப் பேரரசன் ஒருவனின் தீவு. ஆங்கிலத்தில் மில்டனுக்கு அது இந்தியாவின் கடைசித் தீவு. நடுவில் பெயர் வழியும் தவறியது. 15-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் வணிகர் நிக்கோலோ தெ கோந்தி சுமத்திராவைத் தப்ரொபானா என்றார். ஜெர்மானியர் மூன்ஸ்டரின் வரைபடமும் அப்படியே குறித்தது. முத்தோடு புறப்பட்ட பெயர், கடைசியில் 'எட்டாத் தொலைவு' என்ற பொருளை மட்டும் சுமந்து நின்றது.

ஆற்றுக்குக் கிரேக்கர் வைத்திருந்த பெயர் வேறு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி, முத்துக்குளிப்பு நடக்கும் கொல்கிக் வளைகுடாவில் 'சோலேன்' ஆற்று முகத்தை ஒட்டி 'கொல்கோய்' துறைமுகம் என்று எழுதுகிறார். கொல்கோய் நம் கொற்கை. சோலேன் பிறக்கும் மலை 'பெத்திகோ' என்கிறார், அது பொதிகை. மலை, ஆறு, துறை மூன்றும் அவர் கணக்கில் ஒழுங்காக இருக்கின்றன. கிரேக்கத்தில் சோலேன் என்றால் குழல், கால்வாய். நீண்ட ஒருவகைக் கடற்சிப்பியும் அதுவே. அவர்கள் கேட்ட உள்ளூர்ப் பெயரின் திரிபா, சங்கும் சிப்பியும் குவிந்த துறையைப் பார்த்து வைத்ததா என்று அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதன் பக்கமே மனம் சாய்கிறது. நம்மாழ்வார் கண்ட சங்கத்துறையைத்தான் கிரேக்க வணிகனும் கண்டிருப்பான்.

கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தவர் கால்டுவெல். 1881-இல் வந்த அவருடைய திருநெல்வேலி வரலாறு, இந்தப் பெயர்களை ஒருசேர வைத்து எடைபோட்ட முன்னோடி நூல். அவர் காலத்துக்கு முன்பே கொற்கையை விட்டுக் கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. ஆறு கொண்டுவந்த வண்டலே துறையை மூடியது. இன்று ஆறு கடலில் சேருவது புன்னக்காயலில்.

வடமொழிப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொண்டன என்பதற்கு இராமாயணமே சான்று. சீதையைத் தேடத் தெற்கே அனுப்பும் இடத்தில் வால்மீகி தாமிரபர்ணியைச் சொல்கிறார். அவருடைய ஆற்றில் முதலைகள். அதே இடத்துக்குக் கம்பர் வரும்போது பெயரைப் பொருநை என்று மாற்றி, பொன் செறிந்த புனலும் திருநதி என்ற பட்டமும் கொடுக்கிறார். வால்மீகி வழிகாட்டினார், கம்பர் வீட்டுப்பெயரைச் சொல்லி அழைத்தார். பின்னால் வந்த முக்கூடற்பள்ளுக்கும் பொருநை அந்நியமாகவில்லை.

2021-இல் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில், தாமிரபரணிப் படுகையில் உள்ள சிவகளையின் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்ற ஆய்வு முடிவை வெளியிட்டு, 'பொருநை நாகரிகம்' என்றார். நெல்லையில் பொருநை அருங்காட்சியகமும் அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து, தாமிரபரணி என்ற பெயரை விட்டுவிடலாம் என்ற குரலும் கேட்கிறது. அதை நான் ஏற்கவில்லை. பொருநை உழவனும் ஆழ்வாரும் அழைத்த பெயர். தாமிரபரணி, முத்தெடுத்தவனும் கப்பலோட்டியவனும் உலகத்துக்குச் சொல்லிவைத்த பெயர். ஒன்றை அழித்தால் பாதி வரலாறு போகும்.

சங்கரன்கோவிலுக்கே இந்த இரட்டைப்பெயர் பழக்கம்தான். வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்களில் இது சங்கரநயினார்கோவில் தாலுகா. 'நயினார்' வழக்கிலிருந்து கழன்றுவிட்டார். அந்தப் பெயரில் எழுதிய பத்திரங்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. பக்கத்து நிட்சேப நதியின் பெயரோ இன்னும் புதிர். நிட்சேபம் என்றால் புதையல், ஒப்படைத்துவைத்த பொருள். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றுக்கு அப்படியொரு பெயர் ஏன் வந்தது? அதற்கு அதன் கரைக்காரர்கள் வைத்த பழைய தமிழ்ப் பெயர் எது? பொருநைக்கு ஆழ்வாரும் கம்பரும் தாலமியும் சாட்சி சொன்னார்கள். இந்தச் சிற்றாற்றுக்கு அப்படி யாருமில்லை. மடை, ஓடை, துறை, குளம் என்று கரையூர்ப் பெரியவர்கள் வாயில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் பள்ளிப்பிள்ளைகளைக் கொண்டு இப்போதே எழுதி வாங்க வேண்டும். அந்தப் பத்திரங்களையும் படியெடுக்க வேண்டும். அதைச் செய்ய இங்கே ஆட்களும் உண்டு, நேரமும் இன்னும் மிச்சம் உண்டு.