அரக்குப் பெட்டி

அரக்குப் பெட்டி என்பது மரத்திலோ காகித அட்டையிலோ செய்து, மேலே அரக்கோ எண்ணெய் மெருகோ ஏற்றிய சிறு பேழை. இலங்கையில் இதற்குப் பேர்போன இடம் மாத்தளை மாவட்டத்தின் ஹபுவிட. உலகச் சந்தையில் பெயர் பெற்றது உருசியாவின் பலேக். இரண்டையும் 'லாக்கர்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். 'லாக்ஷா' என்ற வடசொல்லிலிருந்து கிளைத்த சொல் அது. ஆனால் பலேக் பெட்டியில் அரக்கு கிடையாது. அதன் பளபளப்பு எண்ணெய் மெருகிலிருந்து வருவது.

உண்மையான அரக்கு, மரக்கிளையில் அப்பி வாழும் சிறு பூச்சி கசியும் பிசின். பஞ்சபாண்டவரை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகையும் அரக்கு நிறச் சீலையும் பெயர் பெற்றது இதனால்தான். இலங்கையில் இந்தப் பூச்சி கெப்பெட்டியாச் செடியிலும், சிங்களவர் 'கோன்' என்றும் தமிழர் 'கூழா' என்றும் சொல்லும் மரத்திலும் தங்கும். கூழா வன்னியில் நன்கு அறிந்த காட்டுமரம். முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் கூழாமுறிப்பு என்றே ஓர் ஊர் இருக்கிறது. இதே மரத்தை வட இந்தியாவில் குசும் என்பார்கள். அங்கே மற்ற மரங்களின் அரக்கைவிடக் குசும் அரக்குக்குத்தான் விலை அதிகம். மரம் வன்னியில் நின்றாலும் தொழில் வளர்ந்தது கண்டி இராச்சியத்துக் கைவினைக் கிராமங்களில்.

வேலை இரு வகை. கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பது ஒன்று. உராய்வின் சூட்டிலேயே அரக்கு இளகிப் படியும். மற்றது ஹபுவிடவின் நகவேலை. இதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பலாம். அரக்கை இடித்துத் துணிப்பையில் இட்டு, கரி நெருப்பில் காட்டி முறுக்கிப் பிழிவார்கள். பிழிந்ததை இழுத்து இழுத்து அடித்து நிறம் சேர்ப்பார்கள்: சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம். பிறகு அதை மெல்லிய நூலாக இழுத்து, சூடேற்றிய மரத்தில் ஒட்டி, பெருவிரல் நகத்தால் கிள்ளித் துண்டிப்பார்கள். தூரிகைக்கு இங்கே வேலையே இல்லை. இந்த முறைகளை விரிவாகப் பதிந்தவர் கொழும்பில் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூல் 1908இல் 425 பிரதிகள் மட்டுமே அச்சானது.

நகத்தால் கிள்ளி ஒட்டும் நூலில் கோடும் கொடியும் பூவும் வரும், முகம் வராது. அதனால் மாத்தளைப் பெட்டி கதை சொல்வதில்லை. கண்டிக் கலைஞர் கதையைக் கோயிற் சுவரில் வரைந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் தெகல்தொருவ விகாரையில், புத்தரின் முற்பிறப்புக் கதையான வெசந்தர சாதகம் நீண்ட பட்டிகளாக ஓடுகிறது. ஒரே ஆள் ஒரே பட்டியில் மறுபடி மறுபடி தோன்றுவான்.

அதே உத்தியைப் பெட்டி மூடியின் சிறு பரப்புக்குள் கொண்டுவந்தவர்கள் பலேக் ஓவியர்கள். தலைமுறை தலைமுறையாகத் தேவாலயப் படங்கள் எழுதி வந்த கிராமம் அது. 1917 புரட்சியோடு அந்தத் தொழில் படுத்தது. 1924 டிசம்பரில் இவான் கோலிகோவும் தோழர்களும் கூட்டுறவுப் பட்டறை ஒன்றைத் தொடங்கி, புனிதர்கள் இருந்த இடத்தில் நாட்டுக்கதைகளின் தீப்பறவையையும் இளவரசன் இவானையும் கவிஞர் புஷ்கினின் பொன்மீனையும் குடியேற்றினார்கள். அட்டையை மாப்பசை கொண்டு அடுக்கடுக்காக ஒட்டி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, அடுப்பில் நாட்கணக்கில் உலர்த்துவார்கள். வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு. முட்டை மஞ்சட்கருவில் குழைத்த நிறத்தால் படம் எழுதி, பொற்கோடு இட்டு, அந்தப் பொன்னை ஓநாய்ப் பல்லால் தேய்ப்பார்கள். பட்டறை தொடங்கிய மறுவருடமே பாரிஸ் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. ஒரு மூடிக்குள் பொன்மீன் கதையின் மீனவன், கிழவி, குடிசை, அரண்மனை, கடல் எல்லாம் நெருக்கடியில்லாமல் நிற்பதைப் பார்த்தால் அந்தப் பரிசு மிகையில்லை. எண்ணெய் வர்ணத்தில் தீட்டும் உருசியாவின் ஃபெதோஸ்கினோ கிராமத்துப் பெட்டிகள் இதைவிடப் பழையவை. அங்கே தொழில் 1795இல் தொடங்கியது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது: பலேக் பெட்டியில் ஓவியர் பெயரும் ஊரும் பொன்னெழுத்தில் இருக்கும்; அச்சுப் படத்தை ஒட்டி மெருகு பூசிய போலிகள் ஏராளம். மாத்தளை வேலைக்கு ஆபத்து வெயில். அரக்கு 80 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். வாங்கிய பெட்டியை வவுனியா தாண்டி வடக்கே கொண்டுபோகிறவர்கள் அதை வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்கக்கூடாது.