சுரண்டலும் பூச்சும்

நியூஜெர்ஸியில் என் மகள் வாங்கியிருக்கும் வீடு 1928-ல் கட்டியது. அதில் இரண்டு அறைகளுக்கு மரச்சுவர். சாப்பாட்டு அறையில் இடுப்புயரத்துக்குச் சட்டம் போட்ட பலகைகள். அவற்றின்மேல் வெள்ளை பெயின்ட், பல பூச்சு. பேஸ்மென்டில் தரையிலிருந்து கூரைவரை பழுப்பு நிற வால்நட். 1960களில் யாரோ அடித்தது. மாப்பிள்ளையின் திட்டம் இது: மேலே வெள்ளையைச் சுரண்டி அசல் மரத்தை வெளியே கொண்டுவருவது, கீழே பழுப்பின்மேல் வெள்ளை பூசிப் போலி மரத்தை மறைப்பது. மூன்று மாதம் தங்கப் போன என்னிடமும் அபிப்ராயம் கேட்டார்கள். அசல், போலி என்ற இரண்டு சொற்களையும் விமர்சனத்தின் பெயரால் பல வருஷம் தாராளமாக வீசியவன் நான். உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் சுவர்களின் பூர்வோத்தரத்தைத் தேட ஆரம்பித்தது அதனால்தான்.

சுவருக்கு மரம் அடித்ததற்கு முதல் காரணம் அழகல்ல, குளிர். இங்கிலாந்தின் கல் சுவர்களில் ஈரமும் சில்லிப்பும் இறங்காமல் இருக்கப் பலகை வேண்டியிருந்தது. 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றி தன் அரண்மனை அறைகளில் பலகை அடிக்கச் சொன்னபோது, அதைப் பச்சையாக வர்ணமடித்துப் பொன் நட்சத்திரங்கள் எழுதவும் உத்தரவிட்டான். மரம் மரமாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு பால்டிக் துறைமுகங்களிலிருந்து ஓக் பலகை வந்தது. 15ஆம், 16ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் அதில் துணி மடிப்புகளைச் செதுக்கினார்கள். மரம் அப்போதும் வேறொன்றின் பாவனையில்தான் நின்றது.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஓக்குக்குப் பதில் நார்வே, பால்டிக் பகுதிகளின் மலிவான பைன் பரவியது. முடிச்சும் பிசினும் நிறைந்த மரம். அதை அம்மணமாக விட்டுவைக்க எந்த வீட்டுக்காரரும் சம்மதிக்கவில்லை. பெயின்ட் அடித்தார்கள், வசதி உள்ளவர்கள் பைன்மேல் வால்நட்டின், ஓக்கின் ரேகைகளைத் தூரிகையால் எழுதச் செய்தார்கள்.

குழப்பம் 20ஆம் நூற்றாண்டில் வந்தது. பழைய லண்டன் வீடுகளின் பலகைகளை வியாபாரிகள் கழற்றி அமெரிக்கப் பணக்காரர்களுக்கும் மியூசியங்களுக்கும் விற்றார்கள். விற்கும்முன் பல சமயம் பெயின்டைக் களைந்தார்கள். தேன் நிறத்தில் மின்னிய பைன்தான் பழமை என்று ஒரு ருசி உருவாயிற்று. 1930களிலிருந்து அமெரிக்க வீடுகளில் முடிச்சு தெரியும் பைன் சுவர்கள் பெருகின. ஒருநாளும் இருந்திராத ஒரு நேற்றைக்கு எடுத்த நகல்கள் அவை.

இந்த வியாதியை முன்பே அடையாளம் கண்டவர் வில்லியம் மாரிஸ். தேவாலயங்களை ஆதி நிலைக்குத் திருப்புகிறோம் என்று சொல்லிச் சுவர்ப்பூச்சைச் சுரண்டியவர்களுக்கு எதிராக அவர் 1877-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். சுரண்டல் எதிர்ப்பு என்றே அதற்குப் பட்டப்பெயர் விழுந்தது. சுரண்டுபவன் கண்டெடுப்பது ஆதியை அல்ல, ஆதியைப் பற்றிய தன் கனவை. கம்பனிலிருந்து இடைச்செருகல் என்று டி.கே.சி. ஒதுக்கிய பாடல்களை நினைத்துக்கொண்டேன். எஞ்சியதில் கம்பன் எவ்வளவு, டி.கே.சி. எவ்வளவு? அவருடைய ருசியைப் பழித்துச் சொல்லவில்லை. ருசி தன்னைச் சரித்திரம் என்று அழைத்துக்கொள்ளும் இடத்தில்தான் எனக்குச் சங்கடம்.

இனி பேஸ்மென்ட். ஸ்விட்ச் ஒன்றை மாற்ற எலெக்ட்ரீஷியன் அறுத்துப்போட்ட துண்டைத் திருப்பிப் பார்த்தேன். முகத்தில் வால்நட் ரேகை, அச்சடித்தது. முதுகில் சிவந்த, லேசான வேறொரு மரம். கொரியாவில் தயாரானது என்று முத்திரை. அந்த மரம் லவான். 1950களிலும் 60களிலும் பிலிப்பைன்ஸ் காடுகளில் வெட்டிய மரம் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் தைவானுக்கும் கப்பலேறி, அங்கே மெல்லிய ஏடாக உரிந்து, ஒட்டுப்பலகையாகி அமெரிக்கா வந்தது. 1950 வாக்கில் அந்த நாட்டில் ஏறக்குறையப் பாதி காடு. 1980களின் இறுதியில் கால்பங்குகூட மிஞ்சவில்லை. வெட்டுரிமை பெற்றவர்கள் கொழுத்தார்கள், மலைச்சரிவுகள் மொட்டையாயின. சுரண்டல் என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள இரண்டாவது அர்த்தத்துக்கு இங்கே வந்து சேர்ந்தேன்.

மரத்துக்கு எந்த நிறமும் பூசலாம், மரத்தின் நிறத்தை மட்டும் பூசக்கூடாது என்பது 1898-ல் அடால்ஃப் லூஸ் வகுத்த விதி. நவீனத்துவம் இன்றும் அதன்படிதான் தீர்ப்புச் சொல்கிறது. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அந்தத் துண்டைக் கையில் வைத்திருந்தபோது லூஸின் விதி பாதி தூரம்தான் வந்தது. வால்நட் படம் பொய். படத்தின் அடியில் இருந்தது பொய்யல்ல, ஒரு காடு. போலி என்று நாம் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போடுவது அந்தக் காட்டைத்தான், இரண்டாம் தடவையாக.

இன்னொன்றும் கவனித்தேன். நாலடிக்கு எட்டடிப் பலகை. அதில் செங்குத்தாகக் கோடுகள். தனித்தனிப் பலகைகள் போலத் தோன்றுவதற்காகக் கோடுகளுக்கிடையே ஒழுங்கற்ற இடைவெளி. அளந்து பார்த்தால் 16 அங்குலத்துக்கு ஒரு கோடு தவறாமல் வருகிறது. சுவருக்குள் நிற்கும் கட்டைகளின் இடைவெளி 16 அங்குலம். ஆணி கோட்டுக்குள் ஒளிந்து கட்டையில் இறங்கும். யாப்பை விட்டதாகச் சொல்லிக்கொள்ளும் நம் கவிதைகளில் தேறியவற்றுக்குள்ளும் இப்படி ஒரு கட்டை நிற்கிறது. அந்த அறையின் பெயர் தெரியாத தச்சன்மேல் எனக்கு மரியாதை ஏற்பட்டது.

அபிப்ராயம் சொன்னேன். மேலே சுரண்டக் கூடாது. அது பெயின்டுக்கென்றே தேர்ந்த மரமாக இருக்கலாம். அடியில் தேடும் அசல் அங்கே இல்லாமலே போகலாம். தவிர, அமெரிக்க வீடுகளுக்கான பெயின்டில் ஈயம் 1978-ல்தான் தடையாயிற்று. சோதித்துப் பார்த்ததில் அந்தப் பூச்சுகளில் ஈயம் இருந்தது. சுரண்டினால் தூளாகி வீடெங்கும் பரவும். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. மாப்பிள்ளை வாதத்தை அத்தோடு நிறுத்தினார். மாரிஸால் ஆகாதது ஈயத்தால் ஆயிற்று.

கீழே பூசலாம் என்றேன். மூன்றாம் ஹென்றி காலத்து வழக்கம்தான். பளபளப்பு போக லேசாகத் தேய்த்து, முதலில் அரக்கு கலந்த பிரைமர். இல்லாவிட்டால் பழுப்பு வெள்ளைக்குள் ஊறி மஞ்சளாக மேலே வரும். கோடுகளை அடைக்க வேண்டாம்; கோடையும் குளிரும் மாறுகையில் அடைப்பு வெடிக்கும். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியின் உட்புறத்தை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொன்னேன். ஏன் என்றாள் மகள். கொரிய முத்திரையோடிருந்த துண்டை அவளிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதையும் அலமாரிக்குள்ளேயே வைத்தாள்.

இரண்டு பூச்சு முடிந்தது. சாயங்காலம் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது வெள்ளைக்கு அடியில் கோடுகள் தெரிகின்றன. ஒழுங்கற்றவைபோல.