தழும்பு சொல்லும் சரித்திரம்



எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "சோதிச்சுப் பார்த்தாச்சு, பலன் இல்லேன்னு தெரிஞ்சாச்சு. அப்புறம் எதுக்கய்யா அந்த ஊசி?" நியாயமான கேள்விதாங்க. ஆனால் சோதனை யாருக்கு நடந்தது, எதைக் கேட்டது? அதையும் பார்க்கணுமில்லையா?

உங்க இடது தோளைக் கொஞ்சம் தடவிப் பாருங்க. சின்னதா ஒரு தழும்பு இருக்கும். எனக்கும் இருக்கு. அதுதான் பி.சி.ஜி., காசநோய்த் தடுப்பூசி. பிரான்ஸ் நாட்டிலே கால்மெட், கெரன் என்ற இருவர் பதின்மூன்று வருஷம் பாடுபட்டு, 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்த மருந்து. 1948-ல் நம்ம கிண்டி கிங் நிலையத்திலேயே தயாரிக்க ஆரம்பிச்சாங்க. 1955-ல் மூதறிஞர் ராஜாஜி இதை எதிர்த்துச் சிறு நூலே வெளியிட்டார். பட்டிமன்றம் அப்பவே தொடங்கிடுச்சு! (சிரிப்பு)

பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தபோது நூற்றுக்கு எண்பது அளவுக்குப் பாதுகாப்பு. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலோ பலன் மிகச் சொற்பம். எதை நம்புவது? தீர்ப்புச் சொல்ல வந்தது நம்ம செங்கல்பட்டு மாவட்டம். 1968-ல் தொடங்கி, ஏறத்தாழ 2,60,000 பேருக்கு ஊசி போட்டாங்க. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் கரைசல். யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. உலகத்திலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை அது.

1979-ல் முடிவு வந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. பலன் பூஜ்யம்! எத்தனை வருஷ உழைப்பு, எத்தனை பேர் நம்பிக்கை! ஆனாலும் மறைக்கலே. உள்ளதை உள்ளபடி உலகத்துக்குச் சொன்னாங்க. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடணுங்க. (கைதட்டல்)

"அப்ப நிறுத்த வேண்டியதுதானே?" என்கிறார் எதிரணி நண்பர். பொறுங்க! அந்தச் சோதனை தேடியது, சளியிலே கிருமி தெரிகிற நுரையீரல் நோயை. அது பெரும்பாலும் பெரியவங்களுக்கு வர்றது. கைக்குழந்தையின் மூளையைத் தாக்குகிற காசநோய்க் காய்ச்சலுக்கு ஊசி உதவுமா என்று அது கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு 'இல்லை' என்று பதில் எழுதலாமா? 1980-ல் நிபுணர்கள் கூடிப் பேசி, குழந்தைகளுக்குத் தொடரலாம் என்றே சொன்னாங்க. 2002-ல் உலகமெங்கும் போட்ட ஊசிகள் மட்டும் சுமார் 30,000 குழந்தைகளை அந்த மூளை நோயிலிருந்து காத்திருக்கும் என்று 2006-ல் ஒரு கணக்கு வந்தது.

குடை பிடிச்சுப் போறோம். தெருவிலே முழங்கால் அளவு வெள்ளம். குடை வெள்ளத்தை நிறுத்தலே என்பதற்காக, தோளிலே தூங்குற குழந்தை தலைக்கு மேலிருந்து அதை மடக்குவோமா? மடக்க மாட்டோம். அதுக்காகக் குடையே போதும்னு வெள்ளத்திலே இறங்கவும் கூடாது. பெரியவர்களுக்கு நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து, மருந்தை முழுசாச் சாப்பிட வைக்கிறதுதான் வழி. செங்கல்பட்டு நமக்குச் சொன்னது அதைத்தான்.

ஏமாற்றம் தந்த முடிவை நம்பணும். ஆனால் அது சொன்ன அளவுக்கு மட்டும் நம்பணும். ஆகவே, தொடர்வதே அறிவுடைமை என்று கூறி அமர்கிறேன்.