விருத்திரன் – பெயரும் பழியும்

விருத்திராசுரன் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது, கதாகாலட்சேபங்களிற் கேட்ட பேருருவ அரக்கனே. ஆனால் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்தியில் அவன் ஒரு பாம்பு. இருக்கு வேதம் முதல் மண்டிலத்தின் 32-ஆம் சூக்தம் அவனை 'அஹி', அதாவது அரவு, என்றே பலகால் அழைக்கிறது. கையும் காலும் இல்லாதவன்; மலைமேற் கிடந்து நீரையெல்லாம் அடைத்து வைத்திருந்தவன். துவஷ்டா செய்து கொடுத்த வச்சிரத்தால் இந்திரன் அவனைப் பிளந்தான். கன்றை நாடிக் கதறியோடும் பசுக்களைப்போல் நீர் கடலை நோக்கிப் பாய்ந்தது. இறந்த மகன்மீது தாய் தானு, கன்றின்மேற் கிடக்கும் பசுவெனக் கிடந்தாள் என்றும் அச்சூக்தம் கூறுகிறது. பகைவனின் தாயையும் மறவாத அந்தப் புலவனின் உள்ளம் போற்றற்குரியது.

பெயரின் பொருளும் கதைக்கு இசைந்ததே. மூடுதல், தடுத்தல் என்று பொருள்படும் 'வ்ரு' என்னும் வேரிலிருந்து பிறந்தது இச்சொல். வேதத்திலேயே சில இடங்களில் இஃது ஆளைக் குறிக்காமல், தடை, பகை என்ற அளவில் அஃறிணையாய் நிற்கிறது. பாரசீகரின் அவெஸ்தாவில் 'வெரெத்ரக்ன' என்றொரு தெய்வம் உண்டு. விருத்திரனைக் கொன்றவன் என்று நாம் இந்திரனுக்குச் சூட்டும் 'விருத்திரஹன்' என்ற பெயருக்கு உடன்பிறந்த சொல் அது. எனினும் அத்தெய்வம் அங்கே பாம்பைக் கொன்றதாகக் கதையில்லை. வெற்றித் தெய்வமாகவே விளங்குகிறது. இதனைக்கொண்டு, தடை என்னும் பொதுச்சொல்லே பின்னர்ப் பாம்புருவம் பெற்றது என 1934-இல் பென்வெனிஸ்த், ரெனூ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் எழுதினர்.

அப்பாம்புதான் யாது? இவ்வினா புதியதன்று. கிறிஸ்துவுக்கு முற்பட்டவரான யாஸ்கர், தம் நிருக்தத்தில், 'விருத்திரன் யார்?' என்று கேட்டு, சொல்லாராய்ச்சியார் மேகம் என்பர், இதிகாசப் பயிற்சியுடையார் துவஷ்டாவின் மகனாகிய அசுரன் என்பர் என இரு விடையும் தருகின்றார். செர்மானியரான ஹில்லபிராண்ட் பனியில் உறைந்த ஆறு என்றார். 1956-இல் தம் இந்திய வரலாற்று நூலை வெளியிட்ட கோசாம்பி, சிந்துவெளி உழவர் கட்டிய அணை என்றார். அணைக் கொள்கை கேட்பதற்குச் சுவையுடையது. ஆயினும் எனக்கு மேகமே பொருத்தமாகப் படுகிறது. வடநாட்டுக் கோடையில், புழுதிக் காற்றடித்து, வானம் மூடி, ஒரு துளியும் விழாமற் கலையும் மாலைகளை இங்குள்ள நம் குடும்பங்கள் அறியும். 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து லாத்தூருக்குக் குடிநீர் ஏற்றிச் சென்ற இரயிலின் முதற் பயணத்தில் 10 தொட்டிப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 50,000 லிட்டர். அதை எதிர்நோக்கி நின்ற மக்களுக்கு நீரை அடைத்த பாம்பின் பொருளை எவரும் விளக்க வேண்டியிராது.

வேதத்துக்குப் பின் கதை திரும்புகிறது. வச்சிரம் செய்த அதே துவஷ்டா, இப்பொழுது விருத்திரனின் தந்தையாகிறான். தன் மகன் விசுவரூபனை இந்திரன் கொன்றதனால் வேள்வி செய்து, 'இந்திர சத்ரு' வளர்க என்று வேண்டுகிறான். இந்திரனைக் கொல்பவன் என்பது அவன் கருத்து. ஒலியழுத்தம் இடம் மாறவே, இந்திரனாற் கொல்லப்படுபவன் என்று பொருள் பிறழ்ந்துவிட்டது. இலக்கணம் கற்க வேண்டியதற்குக் காரணமாகப் பதஞ்சலி இதனைக் காட்டுகிறார். சீட்டில் ஓரெழுத்துப் பிசகினால் சரக்கு வேறூர் போய்ச் சேரும் என்பதை அறிந்த இரயில்வே எழுத்தனுக்கு இஃது அத்தனை வியப்பன்று! பாகவதத்தின் ஆறாம் கந்தமோ இன்னும் ஒருபடி மேற்சென்று, விருத்திரனை முற்பிறப்பில் சித்திரகேது என்னும் அரசனாக்கி, போர்க்களத்திலும் திருமாலை நினைக்கும் அன்பனாகக் காட்டுகிறது. வச்சிரமும் ததீசி முனிவரின் எலும்பாலாயதாகிறது.

பாம்பைக் கொன்றது அறச்செயலானால், இந்திரனைப் பிரமகத்தி தொடர்வானேன்? இதன் வித்தும் அப்பழைய சூக்தத்திலேயே உள்ளது. வென்ற இந்திரன் நெஞ்சில் அச்சம் புகுந்து, வெருண்ட பருந்தைப்போல் 99 ஆறுகளைக் கடந்து ஓடினானாம். பழிவாங்க வந்தவர் யாரைக் கண்டாய் என்று புலவனே அவனைக் கேட்கிறான். விடை அங்கில்லை. பிற்காலத்தார் அந்த அச்சத்துக்குப் பெயரிட்டனர். மகாபாரதத்தில் அவன் தாமரைத் தண்டினுள் ஒளிகிறான். அவன் அரியணையில் அமர்ந்த நகுடன், அகத்தியர் சாபத்தால் தானே பாம்பாகிறான்.

ஓடிய இந்திரனுக்குத் தமிழ்நாடு புகல் தந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் முதல் விளையாடலே 'இந்திரன் பழி தீர்த்தது'. தலந்தோறும் அலைந்த அவனைக் கடம்பவனத்தில் பழி விட்டு நீங்கிற்று. அங்கே சிவலிங்கம் கண்டு, பொற்றாமரை கொண்டு பூசித்து, விமானமும் அமைத்தான். மதுரைக் கோயிலின் கருவறை விமானம் இன்றும் இந்திர விமானம் என்றே பெயர் பெறுகிறது. ஆண்டுதோறும் சித்திரை முழுமதி நாளில் அவன் அங்கு வந்து வழிபடுகிறான் என்பர்.